எந்த விலங்கின் கொழுப்பு? என்ஃபீல்டு தோட்டாவின் மசகுப் பொருளும் 1857 வங்காளப் படையும்

ஆய்வுச் சுருக்கம்

1857ஆம் ஆண்டின் எழுச்சியைப் பேசும் நூல்கள் யாவும் கொழுப்புப் பூசிய தோட்டாவைக் குறிப்பிடுகின்றன. ஆயினும், ரைபிளின் குழலுக்கு மசகு ஏன் தேவைப்பட்டது, எந்த மசகு எக்காரணத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டது, மாற்று மசகுகள் இருந்தனவா என்னும் வினாக்கள் பெரும்பாலும் அடிக்குறிப்பு அளவிலேயே நின்றுவிடுகின்றன. இக்கட்டுரை அவ்வினாக்களை முன்னிறுத்துகிறது. சமயத்திற்கும் குழலுக்கும் ஒருங்கே பொருந்தும் மசகு 1857 சனவரியிலேயே கிடைத்திருந்தது, அரசும் அதை ஏற்றிருந்தது என்பதையும், தன் தோட்டாவில் என்ன இருந்தது என்பதை அரசாலேயே உறுதியாகக் கூற இயலாமற்போனதே அத்தீர்வைப் பயனற்றதாக்கியது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: என்ஃபீல்டு ரைபிள், தோட்டா, மசகு, தேன்மெழுகு, வங்காளப் படை, டம்டம், அம்பாலா, வதந்தி.

முன்னுரை

1857 பற்றிய வரலாற்றெழுத்தில் தோட்டாவுக்குரிய இடம் காலந்தோறும் மாறி வந்துள்ளது. ஜான் வில்லியம் கே தம் பெருநூலில் அதற்கு மைய இடம் அளித்தார். 1909இல் எழுதிய சாவர்க்கர் அதை முதன்மைக் காரணமாக ஏற்கவில்லை. அவருக்கு அது ஏற்கெனவே மூண்டிருந்த தீயில் விழுந்த பொறி மட்டுமே. நூற்றாண்டு நிறைவை ஒட்டி 1957இல் வெளிவந்த சுரேந்திரநாத் சென், ஆர்.சி. மஜும்தார் ஆகியோரின் நூல்கள் ஆவணங்களை மீண்டும் நிறுத்துப் பார்த்தன. 1966இல் ஜே.ஏ.பி. பாமர் மீரட் நிகழ்வுகளை நாள்வாரியாக ஆராய்ந்தார். சவுல் டேவிட் தோட்டாவை ஒரு சாக்காகவும், கிம் வாக்னர் அச்சத்தின் வரலாற்றுக்குள் வைத்துப் படிக்கவேண்டிய வதந்தியாகவும் கொள்கின்றனர்.

இவ்விவாதங்களில் இருபுறத்தாரும் ஒரு முற்கோளைப் பகிர்ந்துகொள்கின்றனர். தோட்டாவின் கொழுப்பை ஒரு குறியீடாகவே இரு தரப்பும் காண்கின்றன. ஆனால் அது முதலில் ஒரு பொருள். குறிப்பிட்ட வெப்பத்தில் உருகுவது, ஈயத்தோடு வினைபுரிவது, காகிதத்தில் ஊறுவது, சந்தையில் வாங்கப்படுவது. அப்பொருளின் வழியே நிகழ்வுகளைப் பின்தொடர்ந்தால் காரணகாரியத் தொடர் எவ்வாறு தெளிவுறுகிறது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. குழலும் கசடும்

கிழக்கிந்திய நிறுவனப் படையினர் நெடுங்காலம் பயன்படுத்திய ‘பிரவுன் பெஸ்’ துப்பாக்கியின் குழல் உட்புறம் வழுவழுப்பானது. அதன் விட்டம் ஏறத்தாழ 0.75 அங்குலம், குண்டின் விட்டம் ஏறத்தாழ 0.69 அங்குலம். குண்டுக்கும் குழலுக்கும் இடையே இவ்வளவு இடைவெளி இருந்ததால் குண்டு தானே உள்ளே விழும். மசகுக்கு அங்கே தேவை எழவில்லை. அவ்விடைவெளிக்குக் கொடுத்த விலை குறி தவறுவது. நூறு கசத்துக்கு அப்பால் ஒரு தனிமனிதனைக் குறிவைப்பது பெரிதும் வீண்முயற்சியாகவே இருந்தது.

1853ஆம் ஆண்டு வகை என்ஃபீல்டு ரைபிள் இந்நிலையை மாற்றியது. அதன் 39 அங்குலக் குழலுக்குள் மூன்று திருகுபள்ளங்கள் இருந்தன. குழலின் உள்விட்டம் 0.577 அங்குலம், குண்டின் விட்டம் 0.568 அங்குலம். ஆக, இடைவெளி 0.009 அங்குலம் மட்டுமே. மில்லிமீட்டரில் கால் பங்குக்கும் குறைவு. வெடிப்பின்போது ஈயக் குண்டின் உட்குழிந்த அடிப்பகுதி விரிந்து பள்ளங்களைப் பற்றிக்கொள்ளும். சுழன்றபடி வெளியேறும் குண்டு பல நூறு கசத் தொலைவுக்குக் குறி தவறாது செல்லும்.

இந்நுட்பத்தின் பகை கருமருந்தின் கசடு. கருமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கும் மேற்பட்டது வாயுவாகாமல் திடப்பொருளாகவே எஞ்சுகிறது. பொட்டாசியம் கார்பனேட்டு, பொட்டாசியம் சல்பேட்டு முதலிய உப்புகள் குழலின் உட்சுவரில் படிகின்றன. ஈரக்காற்றில் அப்படிவு குழம்பாக இருக்கும். வறண்ட வெப்பத்தில் இறுகிக் கட்டியாகும். வாய்வழி மருந்து நிரப்பும் துப்பாக்கியில் ஒவ்வொரு குண்டும் முந்தைய வெடிப்பின் கசடைக் கடந்தே கீழிறங்க வேண்டும். இடைவெளி கால் மில்லிமீட்டருக்கும் குறைவு எனில், சில வெடிப்புகளுக்குப் பின் குண்டு பாதிவழியில் நின்றுவிடும். கசடை இளக்கி, குண்டை வழுக்கச் செய்யும் மசகு அக்குழலுக்கு இன்றியமையாததாயிற்று.

அம்மசகு தோட்டாவின் எப்பகுதியில் இருந்தது என்பது கருதத்தக்கது. என்ஃபீல்டு தோட்டா ஒரு காகிதக் குழாய். அதன் ஒரு முனையில் மருந்து. மறுமுனையில் காகிதம் சுற்றிய குண்டு. குண்டு இருந்த முனையே மசகில் தோய்க்கப்பட்டது. சிப்பாய் மருந்து முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, தோட்டாவைத் தலைகீழாக்கி மசகு பூசிய முனையைக் குழல்வாயில் செருகி, எஞ்சிய காகிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டுக் குண்டைக் கோலால் இடிக்க வேண்டும். எனவே, கடிபடும் முனை மசகு பூசிய முனையன்று. படைக்கல அதிகாரிகளுக்கு இது போதிய பாதுகாப்பாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் கடிக்கும்போது விரல்கள் பற்றியிருப்பது மசகு முனையை. தோட்டாக்கள் கட்டுக்கட்டாக ஒன்றையொன்று உரசிக் கிடந்தன. வெப்பத்தில் இளகும் கொழுப்பு காகிதத்தின் வழியே பரவும் இயல்புடையது. தொடுதலும் தீட்டாகும் ஒரு சமூகத்தில், எந்த முனை என்னும் நுட்பம் ஆறுதல் அளிக்கக் கூடியதன்று.

2. மசகின் தேர்வு: வெப்பமும் ஈயமும்

இங்கிலாந்தில் வகுக்கப்பட்ட மசகில் உருக்கிய விலங்குக் கொழுப்பே மேலோங்கியிருந்தது. தேன்மெழுகு சிறு பங்கினதே. இத்தேர்வில் பொறியியல் நியாயம் இருந்தது. விலங்குக் கொழுப்பு ஏறத்தாழ 40 முதல் 50 பாகை செல்சியசில் உருகும். இங்கிலாந்தின் தட்பவெப்பத்தில் அது திடமாக நின்று, குழலின் சூட்டில் இளகும். தேன்மெழுகு 62 முதல் 64 பாகையில் உருகும். குளிர்நாட்டில் அது கடினமாகிக் காகிதத்திலிருந்து உதிரக்கூடும். மெழுகைக் குறைத்துக் கொழுப்பை மிகுத்தது அந்நாட்டுக்குப் பொருந்தியது.

வட இந்தியக் கோடையில் கணக்கு தலைகீழாகிறது. வெயிலில் சூடேறும் தோட்டாப் பையில் கொழுப்பு எளிதில் இளகும், காகிதத்தில் ஊறும், குண்டுமுனை வறண்டுபோகும். கொழுப்பு நாட்பட்டுப் புளிக்கும்போது உண்டாகும் அமிலங்கள் ஈயத்தோடு வினைபுரிந்து குண்டின்மேல் வெண்ணிறப் படிவை உண்டாக்குவதும் பின்னர் உணரப்பட்டது. கால் மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் அப்படிவு சிறிதன்று. ஆகவே, சமயத்தை முற்றிலும் ஒதுக்கிவிட்டு நோக்கினாலும், விலங்குக் கொழுப்பு மேலோங்கிய மசகு இந்தியாவுக்கு உகந்த தேர்வாக இருக்கவில்லை.

மாற்றுப் பொருள்கள் அரியனவும் அல்ல. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகையிலேயே உருகிவிடுவதால் தனித்துப் பயன்படாது. நெய்யும் இந்தியக் கோடையில் நீர்மமாகிவிடும். ஆனால் இவற்றுள் ஒன்றைத் தேன்மெழுகோடு உரிய அளவில் கலந்தால், வெப்பத்தைத் தாங்குவதும் கசடை இளக்குவதுமான மசகு கிடைக்கும். அப்பொருள்கள் அனைத்தும் எந்தக் கடைவீதியிலும் கிடைப்பவை.

இனி, சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. ஆவணங்களில் வரும் ‘டாலோ’ என்னும் ஆங்கிலச் சொல் உருக்கிய கொழுப்பைக் குறிக்குமேயன்றி, அது எந்த விலங்கினது என்பதைக் குறிப்பதில்லை. மாட்டினதும் ஆட்டினதும் அச்சொல்லுக்குள் அடங்கும். இங்கிலாந்தின் மெழுகுதிரி வணிகருக்கும் படைக்கலச் சாலைக்கும் அவ்வேறுபாடு தேவைப்படவில்லை. இந்தியச் சிப்பாய்க்கோ வேறுபாடு முழுவதும் அதில்தான் இருந்தது. ஆட்டுக் கொழுப்பு எனில் பலருக்கு அது பொறுக்கத்தக்க பொருள். மாட்டுக் கொழுப்பு எனில் இந்துவுக்கு அது சாதியிழப்பு. பன்றிக் கொழுப்புக் கலந்தது எனில் முஸ்லிமுக்கு விலக்கப்பட்டது. வினா எழவிருந்த இடத்தையே ஒரு வணிகச்சொல் மறைத்து நின்றது.

3. எச்சரிக்கையும் முன்நிகழ்வும்

இவ்வினாவை எவரும் முன்கூட்டியே எழுப்பவில்லை என்று கூற இயலாது. 1853இல், இந்தியத் தட்பவெப்பத்தில் மசகு எவ்வாறு நிலைக்கிறது என்று அறிவதற்காகக் கொழுப்புப் பூசிய தோட்டாக்கள் இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டன. அப்போது வங்காளப் படையின் துணைத்தளபதிப் பணியகத் தலைவராக இருந்த கர்னல் ஹென்றி டக்கர், 1853 டிசம்பரில் இராணுவ வாரியத்துக்கு எழுதினார். சாதிக்கு ஊறு விளைக்காத மசகு என்று உறுதிப்படாதவரை இத்தோட்டாக்களை இந்தியப் படைப்பிரிவுகளுக்கு வழங்குதல் கூடாது என்பதே அவர்தம் கருத்து. சோதனை நடைபெற்றது. ஆனால் அதில் சிப்பாய்கள் தோட்டாக்களைப் பைகளில் சுமந்து திரிந்தனரேயன்றிக் கடிக்கவேண்டியிருக்கவில்லை. எதிர்ப்பு எழவில்லை, 1855இல் தோட்டாக்கள் இங்கிலாந்துக்குத் திரும்பின. வெப்பத்தைப் பற்றிய சோதனை, வாயைப் பற்றிய சோதனையாகவும் பிழையாகக் கொள்ளப்பட்டதற்கு இடமிருந்தது. 1856இல் வங்காளத்தில் தோட்டா செய்யத் தொடங்கியபோது டக்கரின் எச்சரிக்கை நடைமுறை விதியாக மாறியிருக்கவில்லை.

நிறுவனத்தின் பட்டறிவுக்கு இது புதியதுமன்று. சென்னைப் படையில் 1805 நவம்பரில் புகுத்தப்பட்ட புதிய தலைப்பாகையின் தோல் பட்டையம் எந்த விலங்கின் தோலால் ஆனது என்னும் ஐயம், சாதிக்குறிக்கும் தாடிக்கும் விதித்த தடைகளோடு சேர்ந்து, 1806 சூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் எழுச்சியாக வெடித்தது. அதன் விளைவாக ஆளுநர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். படைவீரனின் உடலைத் தொடும் பொருள் எந்த விலங்கிலிருந்து வந்தது என்பது ஆட்சியையே அசைக்கவல்ல வினா என்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய சான்று ஆவணக் காப்பறையில் இருந்தது. வேலூரில் தலை, டம்டமில் வாய்.

4. சனவரி 1857: விடை கிடைத்த வாரம்

கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம், வடக்கே அம்பாலா, பஞ்சாபின் சியால்கோட் ஆகிய மூன்றிடங்களில் புதிய ரைபிளுக்கான பயிற்சி நிலையங்கள் அமைந்தன. டம்டமில் சனவரி மாதத்தில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் உரையாடல் பலரும் அறிந்தது. படைக்கலச் சாலைத் தொழிலாளியான ஒரு கலாசி, பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் அவருடைய செம்பில் தண்ணீர் கேட்டார். சாதி கருதிச் சிப்பாய் மறுத்தார். விரைவில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசிய தோட்டாவைக் கடிக்கப்போகும் உமக்குச் சாதி ஏது என்னும் பொருள்பட அத்தொழிலாளி மறுமொழி கூறினார். இச்செய்தியைக் கேப்டன் ரைட் சனவரி 22 அன்று தம் மேலதிகாரியான மேஜர் பான்டீனுக்கு எழுத்தில் தெரிவித்தார்.

இந்நிகழ்ச்சியை வதந்தியின் தொடக்கமாக மட்டும் கூறிச் செல்வது வழக்கம். இதில் வேறொன்றும் உள்ளது. தோட்டா செய்யும் இடத்தில் பணிபுரிந்தவர் அக்கலாசி. மசகைக் கையால் தொட்டவர்களோடு, அல்லது தொடுவோர் பக்கத்தில் இருந்தவர் அவர். மசகில் என்ன இருக்கிறது என்பது பற்றிய செய்தி, அலுவலகத்திலிருந்து கீழ்நோக்கி வராமல், தொழிலாளியிடமிருந்து சிப்பாய்க்குச் சென்றது. அச்செய்தி சரியா, மிகையா என்பது ஒருபுறம் இருக்க, அதைச் சரிபார்த்து மறுக்கவல்ல அறிவு மேலிடத்தில் இருந்ததா என்பதே அடுத்த வினா.

பான்டீன் தம் படையினரை அணிவகுக்கச் செய்து குறைகளைக் கேட்டார். மசகுக்கு எதிர்ப்புத் தெரிவித்த சிப்பாய்களே மாற்றையும் கூறினர்: மெழுகும் எண்ணெயும். பாரக்பூரில் இருந்த ஜெனரல் ஹியர்சி, சிப்பாய்கள் தங்களுக்கு வேண்டிய மசகுப் பொருள்களைத் தாமே கடைவீதியில் வாங்கிப் பூசிக்கொள்ள விடலாம் என்று பரிந்துரைத்து அறிக்கையை மேலனுப்பினார். சனவரி 27 அன்று இந்திய அரசு அதை ஏற்றது. மசகு பூசாத தோட்டாக்கள் வழங்கப்படும். பூச்சைச் சிப்பாய்கள் தாமே தேர்ந்துகொள்ளலாம். ரைட்டின் மடலுக்கும் அரசின் ஆணைக்கும் இடையே ஐந்தே நாள்கள். கடலுக்கப்பாலிருந்து ஆளப்பட்ட ஒரு நாட்டில், அரசு இவ்வளவு விரைவாக இணங்கியது அரிது.

ஆக, தொழில்நுட்ப நோக்கில் சிக்கல் அவ்வாரத்திலேயே தீர்ந்துவிட்டது. சிப்பாய்கள் கேட்ட மசகு அவர்களுடைய சமயத்துக்கு மட்டுமன்றி, முன்னர்க் கண்டவாறு, இந்திய வெப்பத்துக்கும் ஈயக் குண்டுக்கும் பொருத்தமானதே. அவர்தம் கோரிக்கையை மூடநம்பிக்கைக்கும் அறிவியலுக்கும் இடையிலான பூசலாகச் சித்திரித்த காலனிய எழுத்துகள் இவ்வுண்மையைக் காணவில்லை.

ஆயினும், அதே வாரத்தில் இரு மடல்கள் நிலைமையைச் சிக்கலாக்கின. ஒன்று மீரட்டிலிருந்த துணைத்தளபதிப் பணியகத்தின் மறுமொழி. பழைய ரைபிள் பிரிவுகளில் ஆட்டுக் கொழுப்பும் மெழுகும் கலந்த மசகைச் சிப்பாய்கள் பல ஆண்டுகளாகத் தடையின்றிப் பயன்படுத்தி வருகின்றனர். இப்போது புதிய விதி செய்தால் இல்லாத ஐயத்தை அது உண்டாக்கும் என்றது அது. மற்றொன்று படைக்கலத் தலைமை ஆய்வாளர் கர்னல் அபட் சனவரி 29 அன்று தந்த விளக்கம். மசகுக்கான கொழுப்பு இங்கிலாந்திலிருந்து வந்த அறிவுறுத்தலின்படியே சேர்க்கப்பட்டது. அது எந்த விலங்கின் கொழுப்பு என்று உசாவப்படவில்லை என்பது அதன் சாரம்.

இவ்விரண்டாம் மடலே நம் ஆய்வுக்கு மையமானது. மாட்டுக் கொழுப்பு இருந்ததில் ஐயமில்லை என்று கே ஒப்புக்கொள்கிறார். 1897இல் தம் நினைவுகளை வெளியிட்ட ராபர்ட்ஸ் பிரபு, ஜார்ஜ் பாரெஸ்ட் திரட்டிய அரசு ஆவணங்களைச் சுட்டி, மாடு, பன்றி ஆகிய இரண்டின் கொழுப்புமே மசகில் இருந்தன என்று எழுதினார். பின்வந்த பலர் அதையே வழிமொழிந்தனர். ஆனால் அபட்டின் விளக்கம் அவ்வளவு உறுதியைத் தாங்காது. அது ஒப்புக்கொள்வது பாவத்தையன்று, அறியாமையை. பன்றிக் கொழுப்பு இருந்தது என்று அது கூறவில்லை. இல்லை என்று கூறவும் அதனிடம் ஆதாரமில்லை. சிப்பாய் கேட்ட வினாவுக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரு விடைகளில் எதையும் உண்மையோடு கூற இயலாத நிலையில் அரசு இருந்தது. வதந்தியை மறுத்து வந்த அறிவிப்புகள் பின்னர் எடுபடாமற்போனதன் வேர் இங்கே உள்ளது.

5. கொழுப்பிலிருந்து காகிதத்துக்கு

மசகைச் சிப்பாயின் விருப்பத்துக்கு விட்டபின் ஐயம் மறையவில்லை, இடம் பெயர்ந்தது. பிப்ரவரி 6 அன்று பாரக்பூரில் கூடிய விசாரணை மன்றத்தின் முன் சிப்பாய்கள் சுட்டிக்காட்டியது கொழுப்பை அன்று, காகிதத்தை. இங்கிலாந்திலிருந்து வந்த புதிய காகிதம் மினுமினுப்பாக இருந்தது. எரிக்கும்போது மெழுகுச்சீலைபோல் எரிந்தது. எனவே கொழுப்பு அதனுள்ளேயே இருக்கக்கூடும் என்றனர்.

காகிதம் வேதியியல் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. அதில் கொழுப்போ எண்ணெயோ சேர்க்கப்படவில்லை என்று அறிக்கை வந்தது. ஹியர்சி இந்துஸ்தானியில் சிப்பாய்களிடம் நேரில் பேசினார். காகிதம் மினுங்குவது மெருகேற்றலால் என விளக்கினார். காசுமீர் மன்னர் குலாப் சிங்கிடமிருந்து தமக்கு வந்த மடலின் காகிதம் இதனினும் மினுக்கானது என்று எடுத்தும் காட்டினார்.

இவ்விளக்கங்கள் மெய்யானவை, ஆயினும் எடுபடவில்லை. இதை அறியாமை என்று ஒதுக்குதல் ஆய்வாகாது. கொழுப்பைப் பற்றிச் சிப்பாயின் ஐயம் நியாயமானதென அரசின் சொந்த நடவடிக்கையே ஒப்புக்கொண்டிருந்தது. ஒருமுறை ஐயம் மெய்ப்பட்டபின், அடுத்த பொருளை ஐயுறுவது பகுத்தறிவுக்கு முரணானதன்று. மேலும், மசகு என்பது ஊறும் பொருள். ஊறிய காகிதம் மினுங்கும். சிப்பாய் தாம் அறிந்த பொருளியல்பிலிருந்தே முடிவுக்கு வந்தார்.

பிப்ரவரி 26 அன்று பெர்காம்பூரில் 19ஆம் காலாட்படைப் பிரிவு மறுநாள் பயிற்சிக்கான செம்பு வெடிமூடிகளைப் பெற மறுத்தது. அங்கே இருந்தவை பழைய வகைத் துப்பாக்கிக்கான, கொழுப்பற்ற, குண்டற்ற தோட்டாக்களே. அவற்றின் காகிதம் இருவேறு நிறச்சாயலில் இருந்ததே ஐயத்துக்குப் போதுமானதாயிற்று. அப்பிரிவு மார்ச் 31 அன்று பாரக்பூரில் கலைக்கப்பட்டது. அதற்கு இரு நாள் முன்னர், மார்ச் 29 அன்று, அதே பாரக்பூரில் 34ஆம் பிரிவைச் சேர்ந்த மங்கள் பாண்டே தம் அதிகாரிகளைத் தாக்கினார். ஏப்ரல் 8 அன்று தூக்கிலிடப்பட்டார்.

இடையில் மற்றொரு சலுகையும் வந்தது. தோட்டாவைப் பல்லால் கடிக்க வேண்டியதில்லை, கையால் கிழித்தால் போதும் என்று மார்ச் மாதத்தில் பயிற்சிமுறை திருத்தப்பட்டது. பொருளும் மாறிற்று, வாயும் விடுபட்டது. எஞ்சியது நம்பிக்கையின்மை மட்டுமே.

6. அம்பாலா: யாருக்கு மெய்ப்பிப்பது?

அம்பாலா பயிற்சி நிலையத்தின் பொறுப்பில் கேப்டன் மார்ட்டினோ இருந்தார். அங்கே நெய்யும் தேன்மெழுகும் கலந்த மசகு பயன்படுத்தப்பட்டது. இதனினும் ‘தூய’ மசகு ஒன்றை எண்ணிப்பார்க்க இயலாது. அவ்வாறிருந்தும், மார்ச் மாதத்தில் தலைமைத் தளபதி ஆன்சன் அம்பாலாவுக்கு வந்தபோது அங்கே எழுந்த முறையீடு இவ்வரலாற்றின் மிகக் கூர்மையான செய்தியைத் தருகிறது.

36ஆம் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த இருவர் பயிற்சி நிலையத்திலிருந்து, தளபதியோடு வந்திருந்த தம் பிரிவின் முகாமுக்குச் சென்றனர். அங்கிருந்த தம் தோழரே அவர்களைக் கிறித்தவராகிவிட்டவர் என இகழ்ந்து, உடன் உண்ண மறுத்தனர். பயிற்சி நிலையத்திலிருந்த இந்திய அதிகாரிகள் மார்ட்டினோ வாயிலாகத் தளபதிக்குத் தெரிவித்தது இதுவே: வதந்தியைத் தாங்கள் நம்பவில்லை, மசகு எத்தகையது என்பதைத் தாங்கள் அறிவர், ஆனால் ஊரும் உறவும் அதை நம்புகின்றன, தோட்டாவைத் தொட்டவனோடு உறவினர் உண்ணமாட்டார்.

இங்கே வினாவின் தன்மையே மாறிவிடுகிறது. மசகின் தூய்மை, அதைப் பூசுபவனுக்கு மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் தீர்ப்பு வழங்குவோர் பயிற்சித் திடலில் இல்லை. வங்காளப் படையின் உயர்சாதிச் சிப்பாய்களிற் பெரும்பகுதியினர் அவத்தையும் அதன் சுற்றுப்பகுதிகளையும் சேர்ந்தவர்கள். 1856 பிப்ரவரியில் அவத் நாடு இணைக்கப்பட்டது. அதே ஆண்டில் வந்த பொதுப்பணிச் சேர்ப்புச் சட்டம், புதிதாகச் சேர்வோர் கடல்கடந்தும் பணிபுரியவேண்டும் என்று விதித்தது. சாதியைக் குலைக்க அரசு முனைகிறது என்று கருதுவதற்கு அக்கிராமங்களிடம் வேறு காரணங்களும் இருந்தன. வேதியியல் அறிக்கை எதுவும் அவ்வூர்களின் பந்திக்குச் சென்று சேரக்கூடியதன்று.

ஆன்சன் பயிற்சியைத் தள்ளிவைக்கலாம் என்று எண்ணினார். நிறுத்துவது தவற்றை ஒப்புக்கொள்வதாகும், ஏற்கெனவே தோட்டாவைத் தொட்டவர்களைக் கைவிடுவதாகவும் முடியும் என்று கானிங் அரசு கருதியது. இக்கருத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. பயிற்சி நின்றிருந்தால் அவ்விருவரின் நிலை என்னவாகியிருக்கும்? ஏப்ரல் மாதத்தில் அம்பாலாவில் துப்பாக்கிச் சுடுதல் தொடங்கியது. சிப்பாய்கள் தோட்டாவைப் பயன்படுத்தினர். அவ்வாரங்களில் இரவுதோறும் பாளையத்தில் தீ எழுந்துகொண்டிருந்தது.

7. மீரட்: மசகே இல்லாத தோட்டா

ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 3ஆம் குதிரைப்படையின் தளபதி கார்மைக்கேல் ஸ்மித், கடிக்காமல் கிழிக்கும் புதிய முறையைக் காட்டும்பொருட்டு 90 வீரர்களை அணிவகுக்கச் செய்தார். அவர்களுக்கு வழங்கப்பட்டவை அவர்கள் நெடுநாள் பயன்படுத்தி வந்த வகையைச் சேர்ந்த, கொழுப்புப் பூசாத தோட்டாக்கள். 85 பேர் பெற மறுத்தனர். இந்துக்களும் முஸ்லிம்களும் அவர்களுள் இருந்தனர். இந்திய அதிகாரிகள் பதினைவர் அமர்ந்த படைத்துறை நீதிமன்றம் பதினால்வர் பெரும்பான்மையில் அவர்களைக் குற்றவாளிகள் என்றது. பத்தாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மே 9 அன்று படையினர் அனைவரும் பார்க்க அவர்களுக்கு விலங்கு பூட்டினர். மறுநாள் மீரட் எழுந்தது.

1853–55 சோதனையில் பைகளில் சுமந்தவற்றைத் தவிர, கொழுப்புப் பூசிய என்ஃபீல்டு தோட்டாக்கள் வங்காளப் படையின் சிப்பாய்களுக்குப் பயிற்சியில் வழங்கப்பட்டதற்குச் சான்றில்லை என்பது பாமர் உள்ளிட்டோரின் ஆய்வால் தெளிவாகிறது. இதைக் கொண்டு, தோட்டா வெறும் சாக்கு என்று முடிவு கட்டுவோர் உளர். அம்முடிவு பொருந்தாது. கொழுப்புள்ள தோட்டா செய்யப்பட்டது மெய். அது எந்தக் கொழுப்பு என்பதை அரசு அறியாதிருந்ததும் மெய். மீரட் வீரர்கள் மறுத்தது கையிலிருந்த தோட்டாவை அன்று. அதைப் பற்றித் தமக்குக் கூறப்பட்ட சொல்லை.

8. பின்வந்த தேர்வுகள்

எழுச்சி ஒடுக்கப்பட்டபின் ரைபிளுக்கும் மசகுக்கும் நேர்ந்தவை இரு திசைகளில் சென்றன. ஒரு திசை பொறியியல் சார்ந்தது. இந்தியப் போர்க்களங்களில் பிரித்தானியப் படையினருக்கே என்ஃபீல்டு குண்டைக் குழலில் இறக்குவது கடினமாயிற்று. குண்டின் விட்டம் 0.568 அங்குலத்திலிருந்து 0.55ஆகக் குறைக்கப்பட்டது. மசகில் விலங்குக் கொழுப்பின் பங்கு குறைந்து தேன்மெழுகு மேலோங்கியது. 1860களின் இறுதியில் பரவிய ஸ்னைடர் ரைபிளிலும், அதன்பின் வந்த மார்ட்டினி–ஹென்றியிலும் தோட்டாவின் மசகு தேன்மெழுகே. டம்டம் சிப்பாய்கள் 1857 சனவரியில் முதற்பொருளாகக் கூறிய மெழுகையே, வெப்பத்தையும் ஈயத்தையும் காரணமாகக் கொண்டு, படைக்கலச் சாலை பின்னர் வந்தடைந்தது.

மற்றொரு திசை அரசியல் சார்ந்தது. இந்தியச் சிப்பாய்களுக்கென 1858ஆம் ஆண்டு வகைத் துப்பாக்கி உருவாயிற்று. புறத்தோற்றத்தில் அது என்ஃபீல்டு. ஆனால் குழலின் திருகுபள்ளங்கள் நீக்கப்பட்டு, உள்விட்டம் 0.656 அங்குலமாக அகலப்படுத்தப்பட்டிருந்தது. நெருங்கிய பொருத்தம் போனதோடு தொலைவுக் குறியும் போயிற்று. மசகைப் பற்றிய நம்பிக்கையை மீட்பதற்கு மாறாக, மசகு தேவைப்படும் குழலையே அரசு சிப்பாயிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. நம்பாதவர் இப்போது ஆட்சியாளர்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் கருத்துகள் வருமாறு. என்ஃபீல்டு குழலுக்கு மசகு தவிர்க்க இயலாத பொறியியல் தேவை. இங்கிலாந்துக்கு வகுத்த மசகு, சமயத்தைக் கருதாமலே நோக்கினும், இந்தியாவுக்கு உகந்ததன்று. தகுந்த மாற்றைச் சிப்பாய்களே முன்மொழிந்தனர். அரசும் ஐந்து நாளில் ஏற்றது. எனவே, 1857இல் தவறியது மசகின் தேர்வு மட்டுமன்று. தேர்ந்த பொருளைப் பற்றிய பொறுப்பும் அறிவும் தவறின. கொழுப்பை வாங்கியவர் அது எவ்விலங்கினது என்று கேட்கவில்லை. சோதித்தவர் வெப்பத்தை மட்டும் சோதித்தார். எச்சரித்தவரின் மடல் விதியாகவில்லை. அறிந்திருக்கக்கூடிய தொழிலாளியை எவரும் உசாவவில்லை.

பொருளை மாற்றுவது எளிது. ஐந்து நாள் போதும். ‘இதில் என்ன இருக்கிறது என்பது எமக்குத் தெரியும்’ என்று சொல்லத்தக்க நிலையில் இருப்பது அரிது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் ஒழுங்கு வேண்டும். அவ்வொழுங்கு இல்லாத அரசு, நெய்யையும் மெழுகையும் நீட்டியபோதும் அதைப் பெற்றுக்கொள்ள நீண்ட கைகளைக் காணவில்லை. 1857ஐ ஆராய்வோர், ‘கொழுப்பு இருந்ததா?’ என்னும் வினாவோடு, ‘இருந்ததா என்பதை அறியவேண்டியவர் அறிந்திருந்தாரா?’ என்னும் வினாவையும் ஆவணங்களிடம் கேட்டல் வேண்டும்.